சக்கரத்துக்கு ஒரு நட்டு

லாரிச் சக்கரத்தைக் கழற்ற எட்டு நட்டுகளோடு மல்லுக்கட்ட வேண்டும். துருப்பிடித்த நட்டாக இருந்தால் வீல் ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி, அதன்மேல் ஏறி நின்று குதிக்க வேண்டும். பதினைந்து வருஷம் அப்படிக் குதித்துப் பிழைத்தவன் நான். அதனால் என் அக்காவின் காரில் ஒரு சக்கரத்துக்கு ஒரே ஒரு நட்டுதான் என்று பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. விளையாட்டுச் சாமான் என்று நினைத்தேன். அந்த நட்டைக் கழற்றி, சக்கரத்தை இழுத்து, உள்ளே இருந்ததைப் பார்த்தபிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அதியமான்கோட்டையில் சேலம் ரோட்டை ஒட்டி எனக்கு ஒரு லாரிப் பட்டறை இருந்தது. தகரக் கூரை, நாலு ஜாக்கி, இரண்டு வேலையாட்கள், தீராத கோபம். கோபம் என்னுடையது. வண்டி கொண்டுவரும் டிரைவர்கள் என்னிடம் பேசும்போது இரண்டடி தள்ளி நின்றுதான் பேசுவார்கள். கைவேலை சுத்தமாக இருந்ததால் பொறுத்துக்கொண்டார்கள்.

அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். பாப்பாரப்பட்டியில் டீச்சர். அவளுடைய வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். கோலார் தங்கவயலில் ஃபிட்டராக இருந்தவர். அங்கே இருந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி சீமைக்குத் திரும்பிப் போகும்போது, இத்தனை நாள் இதைப் பார்த்துக்கொண்டவன் நீதான், நீயே வைத்துக்கொள் என்று அந்தக் காரை மாமாவிடம் விட்டுப் போனார். கூரை இல்லாத கார். இரண்டே பேர்தான் உட்காரலாம். மூக்கு நீளம், உடம்பு தாழ்வு. உள்ளே உட்கார்ந்தபடியே கையை நீட்டினால் ரோட்டைத் தொட்டுவிடலாம். மாமா அதில்தான் அக்காவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். வேலையை விட்டுச் சொந்த ஊருக்கு வந்தபோது காரும் கூடவே வந்தது. ஒருநாள் காலையில் சட்டை போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்து போய்ச் சேர்ந்தார். அதற்குப்பிறகு ஐந்து வருஷம் கார் தார்ப்பாய்க்குள் கிடந்தது.

அக்காவின் ஒரே மகனுக்குத் தர்மபுரியில் பெண் பார்த்து முடிவானது. கல்யாணம் பெண் வீட்டார் கோயிலில். மாப்பிள்ளையை ஊரிலிருந்து கோயில்வரை எதில் அழைத்துப் போவது என்று பேச்சு வந்தபோது அக்கா, அவங்கப்பா காரில் நானே ஓட்டிக்கிட்டுப் போறேன் என்று சொல்லிவிட்டாள்.

அது வீட்டில் யாருக்கும் சரியாகப் படவில்லையாம். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். சகுனம் பார்ப்பது பாவம் என்று கோயிலில் ஃபாதர் சொல்லக் கேட்டுத் தலையாட்டுவோம். வீட்டுக்கு வரும் வழியில் பூனை குறுக்கே போனால் நின்று, கொஞ்ச நேரம் கழித்துத்தான் போவோம். புருஷன் போனவள் நல்ல காரியத்தில் முன்னால் வரக்கூடாது என்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாத சட்டம். அக்கா அந்த ஐந்து வருஷமும் எந்த விசேஷத்துக்குப் போனாலும் சமையல்காரர்கள் பக்கமாகப் போய் நின்றுகொள்வாள். யாரும் போகச் சொல்ல மாட்டார்கள். அவளே போய்விடுவாள். அப்படிப்பட்டவள் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஊர்வலத்துக்கே முதல் ஆளாக வருவேன் என்கிறாள். மாமாவின் அண்ணன்தான் அந்த வீட்டில் பெரியவர். அவர் மட்டும், யோசிச்சுச் செய்யம்மா, வழியில ஒண்ணு ஆச்சுன்னா ஆளாளுக்குப் பேசுவாங்க என்றாராம்.

அவர் சொன்னது கேட்க எரிச்சலாக இருந்தாலும் உண்மை. காருக்கு வழியில் என்ன ஆனாலும் பழி காரின்மேல் வராது. அக்காவின்மேல்தான் வரும். பஞ்சர் ஆனால்கூட அவள் கை பட்டதால் ஆனது என்பார்கள். அக்காவுக்கும் இது தெரியும். காரை ஒரு லாரியின் பின்னால் கயிறு கட்டி என் பட்டறைக்குக் கொண்டுவந்து நிறுத்தியபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன். வழியில சக்கரம் மட்டும் கழண்டுக்காம பாத்துக்கடா. அது ஒண்ணு போதும்."

நான் சிரித்தேன். சக்கரத்தைப் பற்றி என்னிடமா சொல்கிறாய் என்றேன். ஆனால் சொன்னது மனதில் உட்கார்ந்துகொண்டது.

இப்போது அந்தச் சக்கரத்தைப் பற்றிச் சொல்கிறேன். தகட்டுச் சக்கரம் அல்ல, கம்பிச் சக்கரம். சைக்கிள் சக்கரம் போலக் கம்பிகள், ஆனால் அறுபது கம்பிகள், குறுக்கும் நெடுக்குமாக மூன்று வரிசை. நடுவில் பித்தளையில் இரண்டு காது நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய நட்டு. அந்தக் காதில் சுத்தியால் அடித்தால் நட்டு கழலும். நட்டைக் கையாலேயே சுற்றி எடுத்துவிட்டுச் சக்கரத்தை இழுத்தால், சட்டியின் மூடி மாதிரி கையோடு வந்துவிடும். நான் இழுத்தபோது எதிர்பாராமல் வந்ததால் பின்னால் விழப் பார்த்தேன்.

உள்ளே ஹப், அதாவது சக்கரம் ஏறி உட்காரும் உருளை, முழுக்கச் சுற்றிலும் நீள நீளமாகப் பல் வெட்டியிருந்தது. சக்கரத்தின் உட்புறத்திலும் அதே அளவுக்குப் பற்கள். ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடும். எஞ்சினின் இழுப்பையும் பிரேக்கின் இழுப்பையும் தாங்குவது இந்தப் பற்கள்தான். வெளியிலிருக்கும் நட்டுக்கு ஒரே வேலை, சக்கரம் வெளியே வராமல் பிடித்துக்கொள்வது. சக்கரத்தின் கழுத்து வெளியே வரவரச் சரிந்து குறுகுகிறது. நட்டின் உள்வாயும் அதே சரிவில் குடையப்பட்டிருக்கிறது. இறுக இறுக நட்டு அந்தக் கழுத்தைச் சுற்றிலும் கவ்விக்கொள்ளும். பூட்டு இல்லை, பின் இல்லை, இன்னொரு நட்டு இல்லை. இந்த ஒன்றை நம்பி ஒருத்தன் எழுபது மைல் வேகத்தில் போயிருக்கிறான். ஹப்பைத் துடைத்து, நட்டைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை. டீ ஆறிப்போய் ஏடு கட்டிவிட்டது.

எனக்குப் பயமும் அப்போதே வந்தது. எட்டு நட்டில் ஒன்று போனால் ஏழு இருக்கிறது. ஒன்றில் ஒன்று போனால் ஒன்றுமே இல்லை.

ஆகவே வேலையைப் பக்தியோடு செய்தேன். நாலு ஹப்பையும் கழற்றி, பேரிங்குகளை மாற்றினேன். பல் இடுக்கில் கிடந்த பழைய கிரீஸைக் குச்சியால் நோண்டி, மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவினேன். கம்பிகளை ஸ்குரூ டிரைவரால் ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டேன். நன்றாக இருக்கும் கம்பி கிண்ணென்று சத்தம் கொடுக்கும், தளர்ந்த கம்பி சத்தமே கொடுக்காது. தளர்ந்தவற்றை இழுத்துக் கட்டினேன். துணிக்குப் போடும் நீலத்தைக் கிரீஸில் குழைத்துச் சரிவான கழுத்தில் தடவி, நட்டைப் போட்டு இறுக்கிக் கழற்றி, உள்வாயில் நீலம் சுற்றிலும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். ஒட்டாத இடம் இருந்தால் அங்கே கவ்வல் இல்லை என்று அர்த்தம். பித்தளைக் காது நசுங்காமல் இருக்கச் செம்பில் ஒரு சுத்தி செய்தேன். சக்கரம் தரையில் படாமல் ஜாக்கியில் நிற்கும்போதுதான் நட்டை அடிக்க வேண்டும் என்பதை நானே கண்டுபிடித்தேன். தரையில் இருக்கும்போது அடித்தால் சக்கரம் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்காரும். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லவில்லை. பார்க்கப் பார்க்கப் பொருளே சொன்னது. ஒரே ஒரு விஷயத்தைத் தவிர.

நாலு ஹப்பையும் ஒரே தட்டில் போட்டுக் கழுவினேன் அல்லவா? கழற்றும்போது எது எந்தத் திசையில் சுற்றியது என்று குறித்துவைக்கவில்லை, அதனால் மறுபடி மாட்டும்போது எது எந்தப் பக்கம் என்ற கேள்வி வந்தது. இரண்டில் வழக்கமான மரை, வலப்பக்கம் திருகினால் இறுகுவது. இரண்டில் ரிவர்ஸ் மரை, இடப்பக்கம் திருகினால் இறுகுவது. சீமையிலிருந்து வந்த அசல் நட்டுகளில் எந்தப் பக்கத்து நட்டு, எந்தத் திசையில் கழற்றுவது என்று எழுதி அம்புக்குறியும் போட்டிருப்பார்கள் என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். இந்தக் காரில் இருந்தவை மாமா தங்கவயலில் தன் கையால் வார்த்துக்கொண்டவை. அவற்றில் எழுத்தே கிடையாது. அவருக்குத் தேவைப்படவில்லை.

எனக்கும் தேவைப்படவில்லை. அந்தக் காலத்து லாரிகளில் இடது பக்கச் சக்கரத்துக்கு ரிவர்ஸ் மரை, வலது பக்கத்துக்கு வழக்கமான மரை. இடது பக்கம் என்றால் ரிவர்ஸ் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இந்த ஹைவேயில் எந்தப் பட்டறையில் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். ஒரு விநாடிகூட யோசிக்காமல் ரிவர்ஸ் மரை ஹப் இரண்டையும் இடது பக்கம் மாட்டினேன்.

கடைசிச் சக்கரத்தை நான் இறுக்கிக்கொண்டிருந்தபோது அக்கா வந்திருந்தாள். நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் மெதுவாகக் கேட்டாள்.

"அவரு மேல் காத பின்பக்கமா அடிச்சுத்தான் இறுக்குவாரு. நீ முன்பக்கமா அடிக்கறயே?"

நான் சுத்தியைக் கீழே வைத்தேன். பதினைந்து வருஷமாச் சக்கரம் மாட்டறது நானா நீயா, போய்ப் பள்ளிக்கூடத்துல பாடம் நடத்து என்றேன். வேலையாட்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்னுடைய அந்த வாயை இன்று நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு காரை நானே பாப்பாரப்பட்டிக்கு ஓட்டிப் போனேன். சைக்கிளைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். தர்மபுரியில் நிறுத்தி நட்டுகளைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டு கொஞ்சம் இளகியிருந்தன. எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. லாரிக்குச் சக்கரம் மாற்றினாலும் பத்து மைல் ஓட்டி மறுபடி இறுக்குவது வழக்கம். புதுக் கிரீஸ், உட்கார நேரமாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இன்னும் நாலு அடி போட்டேன். நட்டு வாய்விட்டுச் சொல்லியிருக்கிறது. நான்தான் கிரீஸின்மேல் பழியைப் போட்டேன்.

கல்யாணக் காலை. அக்கா வெள்ளைப் புடவை கட்டியிருந்தாள், மெல்லிய ஊதாக் கரை போட்டது. காரின் மூக்கில் ஒரே ஒரு மாலை. பக்கத்தில் கோட்டு போட்டுக்கொண்டு மாப்பிள்ளை. அக்கா சாவியைத் திருப்பி எஞ்சினைக் கிளப்பிய விதத்தில் தெருவே பேச்சை நிறுத்தியது. அவள் என் அக்காதான், எனக்குச் சோறு ஊட்டியவள்தான், ஆனால் அந்தக் காரில் பார்த்தபோது இவளை எனக்குத் தெரியவே தெரியாது என்று தோன்றியது. முதுகு நேராக இருந்தது. கியர் மாற்றும்போது அவள் கை தானாகப் போனது, கண் கீழே பார்க்கவில்லை. ஊர் எல்லை தாண்டியதும் வேகம் எடுத்தாள். பின்னால் மோட்டார் சைக்கிளில் நான், எனக்குப் பின்னால் உறவினர் வேன். இவ்வளவு நாள் இவளைச் சமையல்காரர்கள் பக்கத்தில் நிற்க விட்டோமே என்று நினைத்தேன்.

நாலைந்து மைல் போயிருப்போம். ரோடு ஒரு ஏரிக்கரைமேல் ஏறியது. ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய கரை. பாதிக் கரையில் அக்கா வேகத்தைக் குறைத்தாள். நிறுத்திவிட்டாள். நான் பக்கத்தில் போனபோது ஸ்டியரிங்கில் வைத்த கையை எடுக்காமல், பின்னால இடது பக்கம் லொடலொடன்னு ஒரு சத்தம் என்றாள்.

குனிந்து பார்த்தேன். பித்தளை நட்டு சக்கரத்தின் கழுத்தை விட்டு ஒரு விரல் இடைவெளி வெளியே வந்து நின்றது. இன்னும் ஒரு மைல் போயிருந்தால் நட்டு ஏரியில் கிடந்திருக்கும், சக்கரமும் பின்னாலேயே போயிருக்கும். ஓடிப்போய் மற்ற மூன்றையும் பார்த்தேன். மூன்றும் இளகியிருந்தன. ஒன்று அதிகம், ஒன்று கம்மி, ஆனால் மூன்றும். அந்த இடத்தில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு நட்டு இளகினால் என் அடி சரியில்லை. நாலும் ஒரே மாதிரி இளகினால் இது வேறு சமாசாரம்.

அதற்குள் எதிரே டவுன் பஸ் வந்து ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. வேனிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். பஸ் போக வேண்டுமென்றால் நாங்கள் கரை தொடங்கும் இடம்வரை பின்னால் போயாக வேண்டும். முதலில் வேன் போனது. நட்டை அடிக்கச் செம்புச் சுத்தியைக் கையில் எடுத்துவிட்டேன். பஸ்காரன் விடவில்லை. நட்டைக் கையால் திருகினேன், வழுக்கியது. நடக்கிற வேகத்தில் ரிவர்ஸில் வா என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, நட்டு விழுந்தால் பிடித்துக்கொள்ளலாம் என்று அந்த இடது சக்கரத்தின் பக்கத்தில் குனிந்தபடியே நடந்தேன்.

கார் பின்னால் நகர்ந்தது. சக்கரம் பின்பக்கமாகச் சுற்றியது. நட்டும் கூடச் சுற்றியது. ஆனால் சக்கரத்தோடு சரியாகச் சுற்றவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம், ஒரு நெல் அளவுக்கு, பின்தங்கியது. பின்தங்கப் பின்தங்க உள்ளே போனது. என் கை அதைத் தொடவில்லை. யாருடைய கையும் தொடவில்லை. பார்த்துக்கொண்டே நடந்தேன். ஐம்பது அறுபது அடி போவதற்குள் வெளியே நின்ற நட்டு தானாக நகர்ந்து நகர்ந்து கண்ணுக்குத் தெரியும்படி கழுத்துப் பக்கம் திரும்பிவிட்டது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோயிலில் ஃபாதர் அப்பம் உயர்த்தும்போதுகூட எனக்கு அப்படி வந்ததில்லை, பொய் சொல்வானேன்.

பின்னால் போகும்போது இறுகுகிறது என்றால் முன்னால் போகும்போது இளகுகிறது. எல்லாம் அங்கேயே, குனிந்த நிலையிலேயே புரிந்தது. மேல் காதைப் பின்பக்கமாக அடித்துத்தான் மாமா இறுக்குவார் என்று அக்கா சொன்னதும் அந்த விநாடியே காதில் விழுந்தது. ஹப்புகளைப் பக்கம் மாற்றி மாட்டியிருக்கிறேன். லாரிக்கு எது சரியோ அது இதற்குத் தலைகீழ்.

ஏன் தலைகீழ் என்று அன்று எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் பக்கத்து லேத் பட்டறையில் ஒரு குழாயை மாட்டி, அதன்மேல் அதைவிடச் சற்றுப் பெரிய இரும்பு வளையம் ஒன்றைத் தொங்கவிட்டு, இரண்டிலும் சாக்பீஸால் கோடு போட்டு மெல்லச் சுற்றவிட்டேன். குழாய் ஒரு சுற்று முடித்தபோது வளையம் அந்தச் சுற்றை முடிக்கவில்லை. வளையத்தின் சுற்றளவு பெரிது, அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் பின்தங்குகிறது. தளர்வான வளையல் போட்ட கையைத் திருப்பினால் வளையல் கூடவே வராதே, அதுதான். லாரியின் நட்டுகள் சக்கரத்தின் ஓரத்தில் குத்தியிருப்பவை, அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. இது நடுவில், அச்சைச் சுற்றிக் கிடக்கிற நட்டு. வண்டி முன்னால் போகும்போதெல்லாம் நட்டு பின்தங்கத்தான் செய்யும். அதைத் தடுக்க முடியாது. அந்தச் சக்கரத்தை உண்டாக்கியவன் தடுக்கவில்லை. பின்தங்குவதே இறுகுவதாக இருக்கும்படி இரண்டு பக்கத்துக்கும் மரையை மாற்றி வெட்டிவிட்டான். வண்டி ஓட ஓட ரோடே நட்டை இறுக்கும். அவன் எந்த ஊர்க்காரனோ, எப்போது செத்தானோ. லேத் பட்டறையில் அந்த வளையத்தைப் பார்த்தபடி அவனுக்கு மனதாரக் கும்பிடு போட்டேன். ஹப்புகளை அதனதன் பக்கத்துக்கு மாற்றிய பிறகு அந்தக் காரில் நட்டைக் கழற்றுவதுதான் பெரும்பாடாக இருந்தது.

ஆனால் ஏரிக்கரையில் எனக்கு அதற்கெல்லாம் நேரம் இல்லை. பஸ் தாண்டிப் போகும்போது ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் நீட்டிப் பார்த்தன. மாமாவின் அண்ணன் காரருகே வந்தார். கெட்டவர் அல்ல. குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். நான் அன்னிக்கே சொன்னேன், கேக்கல, இனியாச்சும் புள்ளய வேன்ல ஏத்திவுடு, நீ பின்னால வாம்மா என்றார். சுற்றி நின்ற பெண்கள் யாரும் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. அதிலேயே எல்லாம் இருந்தது. அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைவிரல்கள் வெளுத்திருந்தன. இறங்கப் போகிறாள் என்று எனக்குத் தோன்றியது. இறங்கிவிட்டால் இனி ஆயுளுக்கும் சமையல்காரர்கள் பக்கம்தான்.

கிரீஸ், புது பேரிங், ரோட்டுக் குழி என்று எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். லாரிப் பட்டறைக்காரனுக்குச் சாக்குக்கா பஞ்சம்? தொழிலில் தப்பு செய்தேன் என்று அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. நாக்கு எழவில்லை. எழுப்பினேன்.

"பெரிய மாமா, அக்காவ ஒண்ணும் சொல்லாதீங்க. இந்தச் சக்கரத்த மாட்டனது நான். இந்தப் பக்கத்து மரையத் தூக்கி அந்தப் பக்கம் போட்டுட்டேன். அக்கா அன்னிக்கே சொன்னா. திமிருல நான்தான் கேக்கல."

சத்தமாகவே சொன்னேன். வேனில் இருந்தவர்கள் காதில் விழ வேண்டும் என்றே சொன்னேன். பெரியவர் என்னையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மரை என்றால் என்ன என்றே அவருக்குத் தெரியாது. ஆனால் ஒருத்தன் தன் தொழிலைத் தானே குறை சொல்வதை அவரால் நம்பாமல் இருக்க முடியவில்லை. சரி, இப்ப இதுக்கு என்ன வழி என்று கேட்டார். மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கவே இல்லை. நான் அம்மாகூடத்தான் வருவேன் என்று கோட்டுப் பட்டனைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

ஹப்பைப் பக்கம் மாற்றுவது ரோட்டில் நடக்காது. ஆனால் வேறு வழி இருந்தது. ஒவ்வொரு மைலுக்கும் நிறுத்தி நாலு நட்டையும் அடித்து இறுக்கிக்கொண்டே போவது. மெதுவாகப் போக வேண்டும், பிரேக்கைப் பதமாகப் பிடிக்க வேண்டும். புது வேட்டி சட்டையோடு மண்ணில் மண்டியிட்டு ஜாக்கி போட்டேன். தூக்கு, அடி, இறக்கு, அடுத்த சக்கரம். மந்தமான சத்தம் மாறிக் கணீரென்று வரும்வரை அடி. வேன் பின்னால் ஊர்ந்து வந்தது. மூன்றாவது நிறுத்தத்தில் வேனிலிருந்து பையன்கள் இறங்கிக் காரைக் கையாலேயே தூக்கிப் பிடித்தார்கள், ஜாக்கி வேலை மிச்சமானது. நாலாவது நிறுத்தத்தில் பெரியவரே கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு பக்கம் கை கொடுத்தார். கோயிலில் ஃபாதர் காத்திருப்பாரே என்று புலம்பிக்கொண்டேதான் கொடுத்தார்.

டவுனுக்குள் நுழைவதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை நிறுத்தினோம். நாலையும் அடித்து முடித்து எழுந்து டவுன் பக்கம் பார்த்தேன். இனிமேல் கூட்டம், பஸ், சைக்கிள், முடுக்கு. நட்டு எப்படி இளகும் என்று எனக்குத்தான் தெரியுமே, அதனால் எனக்குத்தான் எல்லாரையும்விட அதிகப் பயம். ஏரிக்கரையில் அவள் பக்கம் நின்று அத்தனை பேசிவிட்டு, இப்போது நானே காரின் முன்னால் போய் நின்றேன்.

"அக்கா, இங்கிருந்து வேன்ல வந்துடு. எனக்கு பயமா இருக்குது. இது என் தப்பு, அது உன்ன எதுவும் பண்ணிடக் கூடாது."

அக்கா என்னைப் பார்த்தாள். காலையிலிருந்து அழாதவளுக்குக் கண் நிறைந்திருந்தது.

"அஞ்சு வருசமா எது கெட்டாலும் என்னாலதான்னாங்கடா. மழ பேயலன்னாலும் என்னாலதான். இன்னிக்குத்தான் ஒருத்தன் மரையாலன்னு சொன்னான். நான் எறங்க மாட்டேன்."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டாள். நான் விலகி வழிவிட்டேன்.